பாலில்லாத தயிர்: புளிப்பது தேங்காய், உறைய வைப்பது ஜவ்வரிசி

பரமத்திவேலூர்ப் பக்கம் ஒரு வீடு. ராஜவாய்க்கால் தண்ணீர் பாயும் தென்னந்தோப்பு, கொல்லையில் கறவை மாடு. பள்ளி விடுமுறைக்கு வந்திருக்கும் ஏழு வயதுப் பேரனுக்கு மட்டும் அந்த மாட்டின் பால் ஆகாது. பாலில் உள்ள புரதம் அவனுக்கு ஒவ்வாமை. ஒருமுறை தெரியாமல் பால்கோவா தின்றுவிட்டு, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு வாங்கி, ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

"எல்லாரும் தயிர் ஊத்திச் சாப்பிடறாங்க. எனக்கு மட்டும் ஏன் அம்மாயி ரசத்தோட முடிஞ்சு போவுது?" என்று அவன் கேட்ட அன்றுதான், தேங்காய்ப்பாலில் தயிர் உறைய வைத்துப் பார்க்கலாம் என்று அவன் அம்மா உட்கார்ந்தாள். பால் பிழிந்தாயிற்று. அம்மாயி உறைமோர்க் கிண்ணத்தோடு வந்தார்.

"ஒரு சொட்டு உறைமோரு ஊத்தாம எப்படி அம்மிணி உறையும்? ஒரு சொட்டுல என்ன ஆயிரப் போவுது?"

"அந்த ஒரு சொட்டுதான்மா வேண்டாங்கறேன்."

இது போன்ற பேச்சு இன்று பல வீடுகளில் நடக்கிறது. ஒவ்வாமை உள்ள பிள்ளைகள், பால் குடித்தால் வயிறு உப்பும் பெரியவர்கள், பால் பொருட்களையே விட்டுவிட்ட இளைஞர்கள் என்று தேங்காய்த் தயிரைத் தேடுகிறவர்கள் பலவிதம். செய்முறையும் போனில் நொடியில் கிடைத்துவிடுகிறது. ஆனால் செய்து பார்த்தவர்களில் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "புளிச்சுது, ஆனா உறையவே இல்ல."

உறையாது. ஏன் என்று தெரிந்துகொண்டால் உறைய வைத்துவிடலாம்.

தயிர் செய்யும் மூன்று வேலை

மாட்டுப்பால் தயிர் ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறது. புளிக்கிறது, உறைகிறது, உடம்புக்கு ஊட்டமும் தருகிறது. மூன்றும் ஒரே கிண்ணத்தில் நடப்பதால் நாம் பிரித்துப் பார்ப்பதில்லை.

புளிப்பது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களின் வேலை. அவை பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. உறைவது கேசின் என்ற பால் புரதத்தின் வேலை. புளிப்பு ஏறி அமில அளவு (பி.ஹெச்.) 4.6-ஐ நெருங்கும்போது கேசின் ஒன்றோடொன்று பின்னி வலை போல ஆகிறது. அந்த வலைக்குள் தண்ணீரும் கொழுப்பும் மாட்டிக்கொள்வதைத்தான் கெட்டித் தயிர் என்கிறோம்.

தேங்காய்ப்பாலில் லாக்டோஸ் இல்லை, கேசினும் இல்லை. பாக்டீரியா தின்னக் கொஞ்சம் வேறு சர்க்கரை இருக்கிறது. அதனால் புளிக்கும். வலை பின்னக் கேசின் இல்லாததால், எத்தனை மணி நேரம் வைத்தாலும் மேலே ஆடையும் கீழே தண்ணீருமாகப் பிரிந்துதான் நிற்கும். கெட்டியாக்க வேறு ஒன்றின் துணை வேண்டும். வெளிநாட்டுச் செய்முறைகள் இதற்கு அகர் அகர், டாப்பியோகா ஸ்டார்ச் என்று பட்டியல் போடும். டாப்பியோகா என்பது வேறொன்றுமில்லை, நம் ஊர்க் குச்சிக்கிழங்குதான். சேலம், நாமக்கல்காரர்கள் அதற்காக ஆன்லைனில் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆத்தூர் முதல் வேலூர் வரை

ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் பக்கம் போனால் மரவள்ளிக் காடுகளும் சேகோ ஆலைகளும் தெரியும். கிழங்கைத் தோல் நீக்கி அரைத்து, பால் எடுத்துத் தெளியவைத்து, அடியில் படியும் மாவைக் குருணையாக உருட்டி வறுத்தால் ஜவ்வரிசி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940-களில், இந்தத் தொழில் சேலத்தில் வேர்பிடித்தது. உற்பத்தியாளர்களுக்கான கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981-ல் தொடங்கப்பட்டது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பாயசத்திலும் வடகத்திலும் இந்த ஜவ்வரிசி என்ன செய்கிறது என்று ஒவ்வொரு அடுப்படிக்கும் தெரியும். சூடு பட்டதும் தண்ணீரை உறிஞ்சி, கண்ணாடி போலாகிக் கெட்டிப்படும். தேங்காய்த் தயிரில் கேசினுக்குப் பதிலாக நிற்கப்போவது இதுதான்.

மற்ற இரண்டு பொருட்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. மோகனூர், வேலூர், பாண்டமங்கலம், ஜேடர்பாளையம் என்று காவிரிக் கரை நெடுகத் தென்னை. பிலிக்கல்பாளையம் சந்தைக்கு வரும் வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் பாக்டீரியாவுக்குத் தீனி.

தேவையானவை

முற்றிய தேங்காய் – 2 (துருவினால் சுமார் 4 கப்)

வெதுவெதுப்பான தண்ணீர் – 2 கப்

ஜவ்வரிசி மாவு – 2 டேபிள்ஸ்பூன் (மாவு ஜவ்வரிசியை மிக்ஸியில் பொடித்து மெல்லிய துணியில் சலித்தது)

சர்க்கரை அல்லது நாட்டுச் சர்க்கரை – 1 டீஸ்பூன்

உறை – கீழே சொன்னபடி

நாட்டுச் சர்க்கரை போட்டால் தயிர் லேசாகப் பழுப்பு நிறம் காட்டும். வெள்ளை வெளேரென்று வேண்டுமானால் வெள்ளைச் சர்க்கரை போடுங்கள். இனிப்பு பெரிதாகத் தங்காது. அதில் ஒரு பங்கைப் பாக்டீரியா தின்றுவிடும்.

செய்முறை

1. தேங்காயை உடைத்ததும் முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடையோ அழுகல் வாடையோ இருந்தால் அந்தக் காய் வேண்டாம். ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோலைச் சீவிவிட்டால் பால் வெண்மையாக வரும்.

2. துருவலை ஒன்றரை கப் வெந்நீர் விட்டு நைசாக அரைத்து, துவைத்து வெந்நீரில் அலசிய வெள்ளைத் துணியில் பிழியுங்கள். மீதித் தண்ணீர் விட்டு இன்னொரு முறை அரைத்துப் பிழியுங்கள். இரண்டும் சேர்த்து அரை லிட்டருக்குக் கூடக்குறையக் கிடைக்கும். மூன்றாம் பால் வேண்டாம், நீர்த்துப் போகும்.

3. கால் கப் பாலைத் தனியே எடுத்து, ஆறிய நிலையிலேயே ஜவ்வரிசி மாவைக் கட்டியில்லாமல் கரையுங்கள். சூடான பாலில் நேராகக் கொட்டினால் கட்டி தட்டிவிடும்.

4. மீதிப் பாலை அடி கனத்த பாத்திரத்தில் சிறு தீயில் வையுங்கள். கை விடாமல் கிளறுங்கள். ஆவி பறந்ததும் கரைத்த மாவையும் சர்க்கரையையும் சேர்த்து, கூழ் பதத்துக்குக் கெட்டியாகிக் கரண்டியில் ஒட்டும் வரை ஐந்து முதல் பத்து நிமிடம் கிளறுங்கள். தளதளவென்று கொதிக்க விட்டால் எண்ணெய் பிரியும். கொதி வருவதற்கு முந்தைய சூடு போதும். பாலில் உள்ள பெரும்பாலான கிருமிகளும் அதில் அழிந்துவிடும்.

5. இறக்கி மூடி ஆறவிடுங்கள். சுத்தமான விரலை விட்டால் பத்து எண்ணும் வரை தாங்க வேண்டும். அது ஏறக்குறைய 40 முதல் 43 டிகிரி. அதற்கு மேல் சூடாக இருந்தால் உறை செத்துப்போகும்.

6. உறையைக் கலந்து, வெந்நீரில் கழுவிய எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, அசைக்காமல் மூடி வையுங்கள். சித்திரை வெயிலில் ஆறேழு மணி நேரத்தில் புளித்துவிடும். மார்கழியில் ஹாட் பேக்குக்குள்ளோ, வெந்நீர் ஊற்றி இறக்கிய இட்லிப் பானைக்குள்ளோ வையுங்கள். பத்து மணி நேரம் வரை ஆகலாம்.

7. புளித்ததும் அது தளதளவென்றுதான் இருக்கும். கெட்டியாகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். அப்படியே ஃப்ரிட்ஜில் ஆறு மணி நேரம் வையுங்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே இறுகும். மார்கழிக் காலையில் பாட்டிலில் எண்ணெய் உறைவது இதனால்தான். ஜவ்வரிசிக் கூழும் குளிரில்தான் இறுகும். இரண்டும் சேர்ந்து கரண்டியில் வெட்டி எடுக்கும் பதம் வரும்.

முதல் முறையிலேயே மாவை மூன்று ஸ்பூன், நான்கு ஸ்பூன் என்று கூட்டிவிடாதீர்கள். தயிர் இழுத்தால் நூல் போல வரும் பசையாகிவிடும். இரண்டில் தொடங்கி, போதவில்லை என்றால் அடுத்த முறை அரை ஸ்பூன் கூட்டலாம்.

அந்த ஒரு சொட்டு

உறை எது என்பது, யாருக்காகச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பால் ஆகாது என்று சொல்கிறவர்கள் எல்லாரும் ஒன்றல்ல.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது, கழிகிறது என்பவர்களுக்குப் பெரும்பாலும் லாக்டோஸ் செரிக்காததுதான் பிரச்னை. தென்னிந்தியாவில் வளர்ந்தவர்களிடம் இது சாதாரணம், ஆபத்தானது அல்ல. அவர்களில் பலருக்குப் பால் ஆகாவிட்டாலும் நன்கு புளித்த மோர் ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் லாக்டோஸில் ஒரு பகுதியைப் பாக்டீரியா தின்றிருக்கும். இவர்களுக்குச் செய்யும் தேங்காய்த் தயிரில் ஒரு டீஸ்பூன் மாட்டுத் தயிரை உறையாக விடுவதில் தவறில்லை.

பால் புரத ஒவ்வாமை வேறு. அங்கே உடம்பின் எதிர்ப்பு சக்தியே பால் புரதத்தை எதிரியாக நினைத்துப் பாய்கிறது. சிலருக்கு மிகச் சிறிய அளவே போதும். அம்மாயியின் அந்த ஒரு சொட்டு உறைமோரில் கேசின் இருக்கிறது. தயிரை எடுத்த கரண்டி, பால் காய்ச்சிய பாத்திரம், பால் வடிகட்டிய துணிகூட இவர்களுக்கு ஆகாது. பாத்திரம், துணி, கரண்டி எல்லாமே தனியாக இருக்கட்டும்.

இவர்களுக்கும், பால் பொருட்களை முற்றிலும் தவிர்ப்பவர்களுக்கும் இரண்டு வழி உண்டு.

மருந்துக் கடையில் கிடைக்கும் புரோபயாட்டிக் கேப்ஸ்யூல் ஒரு வழி. அரை லிட்டருக்கு இரண்டு கேப்ஸ்யூலைப் பிரித்து உள்ளிருக்கும் பொடியைக் கலந்தால் போதும். ஆனால் அட்டையைப் படித்து வாங்குங்கள். லாக்டோபேசில்லஸ் அசிடோபிலஸ் போன்ற பெயர் இருக்க வேண்டும். வயிற்றுப்போக்குக்குத் தரும் பேசில்லஸ் கிளாசி, ஈஸ்ட் வகையான சாக்கரோமைசெஸ் ஆகியவை தயிர் உறைக்கு உதவாது. பால் பொருள் கலந்த கேப்ஸ்யூலும் உண்டு. சேர்மானப் பட்டியலில் அதையும் பாருங்கள்.

மிளகாய்க் காம்பு இன்னொரு வழி. உறைமோர் இல்லாத வீட்டில் பச்சை மிளகாய்க் காம்பைப் பாலில் போட்டு உறைய வைப்பது பழைய பழக்கம். காம்பில் இயற்கையாகவே லாக்டிக் அமிலப் பாக்டீரியா ஒட்டியிருக்கும். காய்ச்சி ஆறவைத்த தேங்காய்ப்பால் அரை கப்பில், கழுவிய எட்டுப் பத்துக் காம்புகளைப் போட்டு இரவு முழுக்க வையுங்கள். புளித்தால் அதைச் சாப்பிடாமல், அடுத்த முறைக்கு உறையாக மட்டும் பயன்படுத்துங்கள். காம்போடு வேறு கிருமிகளும் வரலாம் என்பதால் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் கேப்ஸ்யூல் வழியே நல்லது.

புளிப்புதான் காவல்

தேங்காயைப் புளிக்க வைப்பதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்தோனேசியாவின் ஜாவா தீவில் தேங்காய்ச் சக்கையைப் புளிக்க வைத்துச் செய்யும் 'தெம்பே போங்க்ரெக்' என்ற உணவு இருந்தது. சக்கையில் சில சமயம் பர்க்கோல்டேரியா என்ற பாக்டீரியா வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கிவிடும். அந்த நஞ்சுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, சமைத்தாலும் அழியாது. பல உயிர்களை வாங்கிய அந்த உணவை 1988-ல் இந்தோனேசிய அரசு தடை செய்தது.

இதைக் கேட்டுத் தேங்காய்த் தயிரையே ஒதுக்க வேண்டியதில்லை. அந்தப் பாக்டீரியா நல்ல புளிப்பில் வளராது. எனவே புதுத் தேங்காய், சூடுபடுத்திய பால், உயிருள்ள உறை, சீக்கிரம் ஏறும் புளிப்பு ஆகிய நான்கும்தான் பாதுகாப்பு. பன்னிரண்டு மணி நேரம் ஆகியும் தெளிவான புளிப்பு வாசம் வரவில்லை என்றால், நாக்கில் வைத்துச் சோதிக்காமல் கொட்டிவிடுங்கள். இரண்டு தேங்காய் போனால் போகட்டும். பி.ஹெச். தாள் கிடைத்தால் 4.5 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். இளஞ்சிவப்பு, கறுப்புப் புள்ளி, கொழகொழப்பு, அழுகல் நாற்றம் எது தெரிந்தாலும் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிட வேண்டாம், முழுவதும் கொட்டுங்கள்.

பிழிந்த சக்கையை ஒருபோதும் புளிக்க வைக்காதீர்கள். அன்றே பொரியலிலோ துவையலிலோ சேர்த்துவிடுங்கள். தயிர் ஃப்ரிட்ஜில் நான்கைந்து நாள் தாங்கும். சாப்பிடத் தொடங்கும் முன்பே இரண்டு ஸ்பூனைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்தால் அடுத்த முறைக்கு உறை. நாலைந்து முறைக்குப் பிறகு புளிப்பு மந்தமானால் புது உறைக்கு மாறுங்கள்.

மூன்றாவது வேலை

புளிக்க வைத்தாயிற்று, உறைய வைத்தாயிற்று. மிச்சம் இருப்பது ஊட்டம். அதைத் தேங்காய்த் தயிர் தராது.

100 கிராம் மாட்டுப்பாலில் சுமார் 3 கிராம் புரதமும் 120 மில்லிகிராமை ஒட்டிய கால்சியமும் இருக்கின்றன. திக்கான தேங்காய்ப்பாலில் புரதம் சுமார் 2 கிராம், கால்சியம் 20 மில்லிகிராம்கூட இல்லை. கொழுப்போ 20 கிராமைத் தாண்டும், பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. அதனால் மாட்டுத் தயிரைப் போல ஒரு டம்ளர் ஊற்றிக்கொள்ளும் பொருள் அல்ல இது. பிள்ளைக்கு மூன்று நான்கு ஸ்பூன், பெரியவருக்குச் சிறு கிண்ணம் போதும். இதய நோய், கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

விட்டுப்போன ஊட்டத்தைத் தட்டில் வேறு இடத்தில் வைத்துவிட்டால் ஆயிற்று. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. முருங்கைக் கீரையில் 300-க்கு மேல், எள்ளில் 1,200-க்கு மேல். ராகிக் களி, முருங்கைக்கீரைப் பொரியல், எள்ளுருண்டை எதுவும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. புரதத்துக்கு நிலக்கடலையும் பருப்பும் உண்டு. முட்டை சாப்பிடுகிற, முட்டை ஒத்துக்கொள்கிற பிள்ளை என்றால் நாமக்கல்லில் இருந்துகொண்டு கவலையே வேண்டாம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். முட்டையும் பாலும் இரண்டுமே இல்லாதவர்களுக்கு வைட்டமின் பி12 குறையும். அதற்கு மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

நிலக்கடலை ஒத்துக்கொள்கிற வீடுகளில் பாதித் தேங்காய்ப்பால், பாதிக் கடலைப்பால் கலந்தும் உறைய வைக்கலாம். எட்டு மணி நேரம் ஊறவைத்த கடலையைத் தோல் நீக்கி அரைத்து, வடிகட்டிக் காய்ச்சினால் கடலைப்பால். புரதமும் கூடும், உறைவதும் நன்றாக இருக்கும். பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குக் கடலையும் ஆகாமல் இருக்கலாம். முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ, மருத்துவர் சொன்ன பால்மாவுக்கோ பதிலாக இதைக் கொடுக்கவே கூடாது.

பெயர் என்ன?

2023 மார்ச்சில் தயிர் பாக்கெட்டில் 'தஹி' என்று போடச் சொன்ன உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உத்தரவு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாத முடிவிலேயே அது திருத்தப்பட்டது. 'தயிர்' என்ற பெயரும் நிலைத்தது. அதே ஆணையத்தின் விதிப்படி, பாலில்லாத பொருளைத் தயிர் என்று பெயரிட்டுக் கடையில் விற்க முடியாது. பால் என்ற நம்பிக்கையில் வாங்குகிறவர் ஏமாறக் கூடாது என்பதுதான் காரணம். விலங்குப் பொருள் எதுவும் கலக்காத உணவுகளுக்கென்று 2022-ல் தனி விதிகளும் வந்திருக்கின்றன. வீட்டில் எந்தப் பெயரும் சொல்லி அழைக்கலாம். ஊட்டத்தில் அது தயிர் அல்ல என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

பரிமாறும்போது

சுடு சோற்றில் போட்டால் கொழுப்பு உருகி எண்ணெய் மினுக்கும். சோற்றைக் குழைய வடித்து நன்றாக ஆறவைத்து, உப்புப் போட்டுப் பிசைந்து, கடைசியாகத் தேங்காய்த் தயிரைச் சேருங்கள். கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி தாளித்துக் கொட்டினால் தேங்காய் வாசம் அடங்கும். வெள்ளரிக்காய்ப் பச்சடிக்கு நன்றாக இருக்கும். மோர்க்குழம்பில் எப்படியும் தேங்காய் அரைத்து ஊற்றுவதுதானே, அங்கே வித்தியாசமே தெரியாது. மோராகக் கடைய வேண்டுமானால் குளிர்ந்த தண்ணீர் விட்டு மிக்ஸியில் ஒரு சுற்று விடுங்கள்.

வேலூர் வீட்டில் முதல் முறை கஞ்சியாகப் போனது. இரண்டாம் முறை புளிக்கவில்லை, கொட்டிவிட்டார்கள். மூன்றாம் முறை கிண்ணத்தைச் சாய்த்தும் அசையாமல் நின்றது. எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் பேரன் தட்டிலும் தாளித்த தயிர்ச்சோறு விழுந்தது.

"தேங்கா வாசம் அடிக்குது அம்மாயி."

"அடிக்கட்டும் சாமி. நம்ம தோப்புத் தேங்காதான." மறு கரண்டி வைக்க வந்த அம்மாயி, தன் கையில் இருப்பது மாட்டுத் தயிர்க் கரண்டி என்று பார்த்ததும் அதைக் கீழே வைத்துவிட்டு, அலமாரியில் தனியாக வைத்திருந்த கரண்டியை எடுத்து வந்தார்.